எல்லா மீனுக்கும் பக்கத்தில் ஒரு கை

மகள் ஷிஃபானா, மகள் அஃப்ரா... இந்த வாரம் வாப்பா எழுதுவது உங்கள் இருவருக்கும்தான். வாராவாரம் பத்திரிகையில் இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றப் பிள்ளைகளும் பக்கத்தில் வந்து உட்காரலாம். தாராளமாக இடம் இருக்கிறது.

"போன செவ்வாய்க்கிழமை நடந்ததை நாங்களும்தானே பார்த்தோம், அதை ஏன் எழுதுறீங்க?" என்று கேட்பீர்கள். பார்த்தீர்கள். ஆனால் நீங்கள் இருவரும் அவசரத்தில் இருந்தீர்கள். அவசரத்தில் சில விஷயங்கள் கண்ணில் படாது.

எங்கள் வீட்டைத் தெரியாத பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். நாங்கள் கற்பிட்டிக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான கண்டக்குழியில் கருவாடு போடுகிறவர்கள். படகு கரைக்கு வந்ததும் மீன் வாங்குவது, விற்பது, ஏற்றி அனுப்புவது என் வேலை. மீனை வெட்டி, உப்புப் போட்டு, வலை விரித்த தட்டுகளில் காயவைத்து, புரட்டி எடுப்பது பிள்ளைகளின் உம்மாவின் வேலை. மூத்தவள் ஷிஃபானா முன்பள்ளி ஆசிரியையாக வரப் பயிற்சி எடுக்கிறாள். சின்னவள் அஃப்ரா பள்ளிக்கூடம் போகிறாள். அவளுடைய வாயும் கூடவே போகிறது.

செவ்வாய்க்கிழமை மதியம் லுஹர் தொழுதுவிட்டு வீட்டுக்குள் நுழைகிறேன் – ஷிஃபானாவின் சத்தம்.

"வாப்பா! உங்கட மீனெல்லாம் சேந்து என்னயப் பெயிலாக்கப் போகுது!"

விஷயம் இதுதான். பக்கத்து வீட்டுச் சிறுசுகளை உட்காரவைத்து அவள் ஒரு பாடம் நடத்தி, அதைப் போனில் வீடியோ எடுத்திருந்தாள். துண்டு துண்டாக எடுத்ததை லெப்டொப்பில் போட்டு ஒன்றாக்கி அன்றைக்கே பயிற்சி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் அடுத்த பிரிவோடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஆனால் லெப்டொப், "இடம் இல்லை" என்கிறது.

இன்னொரு பக்கம் கரண்ட். இப்போது நாட்டில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்பது உங்களுக்கே தெரியும். அன்று பின்னேரம் போகும் முறை. எங்கள் லெப்டொப்பின் பற்றரி மௌத்தாகி நாளாகிவிட்டது. வயர் குத்தியிருந்தால்தான் உயிர். கரண்ட் போனால் கதை முடிந்தது. அது திரும்பி வரும்போது அனுப்புகிற நேரம் கடந்துவிடும்.

கற்பிட்டிக்கு ஓடிப்போய் ஒரு பென் டிரைவ் வாங்கி வரலாமே என்று கேட்பீர்கள். எதில் ஓடுவது? பைக்கில் பெற்றோல் இல்லை, நாடு முழுக்கத் தட்டுப்பாடு. வீட்டில் ஏற்கெனவே இருந்த பென் டிரைவ்... அது மீன் தண்ணீரில் விழுந்து பழுதாகிவிட்டது!

அஃப்ரா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, லெப்டொப்பில் நான் வைத்திருந்த போல்டர்களின் பெயர்களை உரக்க வாசிக்கத் தொடங்கினாள்.

"மீன். மீன் புது. மீன் புது ரெண்டு. மீன் கடைசி. மீன் மெய்யாவே கடைசி... வாப்பா, இது லெப்டொப்பா, ஐஸ் பெட்டியா?"

"சிரிக்காத அஃப்ரா. நேரம் போகுது," என்றாள் ஷிஃபானா.

இவ்வளவு மீன் படங்கள் எப்படிச் சேர்ந்தன? இரண்டு காரணங்கள்.

முதலாவது, நான். போன் நிறைந்ததும் படங்களை லெப்டொப்புக்கு மாற்றுவேன். மாற்றினேனா, இல்லையா என்று சந்தேகம் வரும். இன்னொரு தடவை மாற்றுவேன். அழிக்க மட்டும் மனம் வராது. ஏனென்றால் என்னிடம் என் சின்ன வயதுப் படம் ஒன்றுகூட இல்லை. யுத்த காலத்தில் மன்னாரிலிருந்து எங்கள் குடும்பம் வெளியேற வேண்டி வந்தபோது கையில் எடுத்தது உடுப்பும் கொஞ்சம் அரிசியும். படங்கள் அலுமாரியிலேயே நின்றுவிட்டன. பள்ளிக்கூடம் போன வயதில் நான் ஒல்லியா, குண்டா? எனக்கே தெரியாது. அப்படிப்பட்டவனின் கையில் கமரா உள்ள போனைக் கொடுத்தால் என்ன ஆகும்? மீனைக்கூட விடமாட்டான்.

இரண்டாவது, எங்களிடம் கருவாடு வாங்கும் சிலாபத்துச் சிங்கள முதலாளி. கருவாட்டை ஏற்றுவதற்கு முன்னால் அவருக்கு வட்ஸ்அப்பில் படம் போக வேண்டும். ஆரம்பத்தில் வெறும் மீனைத்தான் எடுத்து அனுப்பினேன். ஒரு தடவை சரக்குப் போய்ச் சேர்ந்ததும் அழைத்தார்.

"அனே நானா, போனிலே பெரிய மீன். சாக்கிலே சின்ன மீன். வழியிலே மெலிஞ்சு போச்சா?"

பக்கத்தில் சோடாப் போத்தலை வைத்து எடுத்தேன். "சோடாப் போத்தல் எத்தனை சைஸ் இருக்கு நானா? கை வையுங்க. கை பொய் சொல்லாது," என்றார்.

தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நிற்பவர் உங்கள் உம்மாதானே? அன்றிலிருந்து மீனுக்குப் பக்கத்தில் அவருடைய கை. முகத்தை மட்டும் எடுக்க விடமாட்டார். "முகம் விழுந்திச்சோ, போன் கடல்ல விழும்," என்று முதல் நாளே சொல்லிவிட்டார். கை மட்டும்தான். உள்ளங்கை கீழே, விரல்கள் நீட்டி, கட்டாக் கருவாட்டின் பக்கத்தில், பாரையின் பக்கத்தில், சாளைக் குவியலின் பக்கத்தில்.

அந்தக் கை சின்னக் கை. அதனால் மீன் இன்னும் பெரிதாகத் தெரியும்! இந்தத் தந்திரம் முதலாளிக்குப் புரியக் கொஞ்ச நாள் எடுத்தது. ஒரு நோன்புப் பெருநாளுக்கு வீட்டுக்கு வந்தார். உம்மா வட்டிலாப்பம் கொண்டுவந்து வைத்தபோது கையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "இவ்வளவு நாள் இந்தக் கையாலேதானா என்னை ஏமாத்தினீங்க?" என்றார். பிறகு அந்தக் கையே அவருக்கு அளவாகிவிட்டது. உம்மாவுக்கு டெங்கு வந்து படுத்திருந்தபோது என் கையை வைத்து எடுத்து அனுப்பினேன். படம் போன உடனே போன் அடித்தது.

"கை மாறியிருக்கே. நோனாவுக்குச் சுகமில்லையா?"

மீனின் விலையை அவர் கேட்டது அதற்குப் பிறகுதான்.

சரி, செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

"அழிச்சிருவோம்," என்றேன். மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் சொன்னேன். ஷிஃபானா ஒவ்வொரு போல்டராகத் திறந்து, உள்ளே இருந்த படங்களையெல்லாம் தெரிவுசெய்து டிலீட் அடித்தாள். மீன் போனது. மீன் புது போனது. மீன் மெய்யாகவே கடைசியும் போனது. வீடியோவைத் திறந்தாள் – மறுபடியும் அதே பதில். இடம் இல்லை!

"இதென்ன மகள்? அவ்வளவும் போயிட்டே! பிறகென்ன இடம் இல்லாம?"

"எங்கயும் போகல்ல வாப்பா. எல்லாம் குப்பைக் கூடைக்குள்ள இரிக்கி. கூடையக் கொட்டினாத்தான் இடம் வரும்."

எனக்கு உடனே விளங்கியது. மீன் கழிவை வாளியில் அள்ளிப்போட்டு, அந்த வாளியை அதே அறையில் வைத்துவிட்டு, நாற்றம் ஏன் போகவில்லை என்று கேட்கிறவன் கதைதான்.

"கொட்டினா?"

"திரும்பி வராது," என்றாள் ஷிஃபானா. "சொல்லுங்க வாப்பா, கொட்டவா?"

"கொஞ்சம் பொறு. ஒருக்காப் பாத்திட்டு..."

கூடையைத் திறந்தேன். பிள்ளைகளே, அப்போது நான் பார்த்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

திரை முழுக்கக் கைகள். சின்னச் சின்னக் கட்டங்களில், வரிசை வரிசையாக, ஒரே கை. மேலிருந்து கீழே உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. இத்தனை வருடமும் நான் மீனைப் பார்த்துத்தான் படம் எடுத்தேன், மீனைப் பார்த்துத்தான் அனுப்பினேன். அன்றைக்கு மீன் கண்ணில் படவேயில்லை.

ஒரு படத்தில் பெருநாளுக்குப் போட்ட மருதோண்டி. இன்னொன்றில் பெருவிரலில் துணிக் கட்டு – பாரை முள் குத்திய கிழமை அது. ஒன்றில் விரலோரம் மாவு காயாமல் ஒட்டியிருக்கிறது. ரொட்டி தட்டிக்கொண்டிருந்தவரை, "கெதியா வா, முதலாளி போன்ல நிக்கிறார்," என்று நான் கூப்பிட்டிருப்பேன்.

ஆரம்பத்துப் படங்களில் அந்தக் கையில் ஒரு மோதிரம் இருக்கிறது. கலியாணத்துக்குப் போட்ட மோதிரம். ஓரிடத்துக்குப் பிறகு மோதிரம் இல்லை. அது இருந்த இடத்தில் ஒரு வெள்ளைத் தடம். அடுத்தடுத்த படங்களில் அந்தத் தடம் மங்கிக்கொண்டே வருகிறது. உப்பும் வெயிலும் அதை மெல்ல மெல்லக் கறுப்பாக்குகின்றன. பிறகு அதுவும் இல்லை. அந்த விரலும் மற்ற விரல்களைப் போலவே ஆகிவிட்டது.

மோதிரம் எங்கே போனது தெரியுமா? ஷிஃபானா, கொரோனாக் காலத்தில் உன் வகுப்பு ஒன்லைனில் நடக்கும் என்று சொன்னார்களே. அந்தக் கிழமைதான். நீ தட்டிக்கொண்டிருந்த லெப்டொப்தான் அந்த மோதிரம். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று உம்மா என்னிடம் சொல்லியிருந்தார். இப்போது பத்திரிகையில் எழுதிவிட்டேன். வீட்டில் இதற்கு எனக்கு நல்ல பேச்சுக் கிடைக்கும். பரவாயில்லை.

"வாப்பா... கரண்ட் போகப் போகுது," என்றாள் ஷிஃபானா. நான் இன்னும் படங்களை உருட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் உம்மா தட்டுப் பக்கமிருந்து உள்ளே வந்தார்.

"என்ன ஷிஃபானாட வாப்பா, மையத்து வீடு மாதிரி எல்லாரும் வாயடைச்சுப் போய் இரிக்கிறீங்க?" என்றவர், குனிந்து திரையைப் பார்த்தார். "யார்ட கை இது?"

அஃப்ராவுக்குத்தான் முதலில் பதில் வந்தது. அவளுக்குத்தான் வரும்!

"உம்மா! உங்கட கைதான் அது!"

"எண்ட கையா? இவ்வளவு கறுப்பாவா இரிக்கி?" அவர் தன் கையைத் தூக்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். "அல்லாஹ்வே, மெய்தான்!" அப்படி ஒரு சிரிப்பு.

"ஷிஃபானாட வீடியோவுக்கு இடமில்ல. இதெல்லாத்தையும் அழிக்கணும்," என்றேன். "அழிச்சா ஒண்டுகூட மிஞ்சாது. முகத்தையும் எடுக்க விடுறல்ல. இதுதான் உன்னட படமெண்டு இரிக்கிறது."

"முகமும் கையும் இங்கதானே இரிக்கி? வேணுங்கிற நேரம் பாருங்களேன். யாரு வாணாமெண்டது?"

சொல்லிக்கொண்டே என்னைத் தோளால் தள்ளினார். "நகருங்க. எதயம்மா அமத்தணும்?"

ஷிஃபானா காட்டினாள். திரையில் ஒரு கேள்வி வந்தது.

"என்னவாம்?"

"நிரந்தரமா அழிஞ்சிரும், திரும்பி வராது, பரவாயில்லையாண்டு கேக்குது உம்மா."

"திரும்பி வந்து என்னத்துக்கு? பழைய கருவாட்ட யாரு வாங்குறது?"

உப்பு வெடித்த அந்த விரல் மவுஸை அமத்தியது. அவ்வளவுதான். எத்தனையோ வருடத்து மீனும் எத்தனையோ வருடத்துக் கையும் சத்தமே இல்லாமல் போய்விட்டன.

இடம் வந்தது. ஷிஃபானா துண்டுகளை ஒன்றாக்கி, போன் டேட்டாவைப் பிடித்து, வீடியோவை அனுப்பத் தொடங்கினாள். கோடு நகர்கிறது... நிற்கிறது... நகர்கிறது. உம்மா வாய்க்குள் ஸலவாத்து ஓதுகிறார். அஃப்ராகூட வாயைத் திறக்கவில்லை என்றால் பாருங்கள்!

"வீடியோ போயிட்டு, வாப்பா! போய்ச் சேந்திட்டு!"

அவள் உம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "கிட்ட வராத, மீன் வெடில் நாறுது," என்றார் உம்மா. யார் கேட்டார்கள்? கொஞ்ச நேரத்தில் மின்விசிறி மெதுவாகச் சுற்றி நின்றது. கரண்ட் போய்விட்டது. அல்ஹம்துலில்லாஹ். கரண்ட் போனதற்கு இந்த நாட்டில் யாராவது அல்லாஹ்வைப் புகழ்ந்திருந்தால் அது நாங்களாகத்தான் இருக்கும்.

இதை வாசிக்கும் பிள்ளைகளே, உங்கள் வீட்டுப் போன்களும் நிறைந்துதான் இருக்கும். பிறந்தநாள் கேக் ஒன்று, அதற்கு இருபது படம். யார் திரும்பிப் பார்த்தீர்கள்? நானும் பார்க்கவில்லை. அழியப் போகிறது என்று தெரிந்த பிறகுதான் வாப்பாவுக்குக் கண் திறந்தது.

மன்னாரிலிருந்து எங்கள் வீட்டுப் படம் ஒன்றும் வரவில்லை என்று சொன்னேன். அதை நான் பெரிய குறையாகவே நினைத்து வந்தேன். ஆனால் என் வாப்பாவும் உம்மாவும் வந்தார்களே? இந்தக் கரையில் ஓலை கட்டி, முதல் குடிசை போட்டு, எங்களுக்குச் சோறு ஆக்கித் தந்தார்களே? வந்ததைப் பற்றி நான் இவ்வளவு காலமும் ஒரு வரிகூட எழுதியதில்லை. வராததைப் பற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். இது உங்கள் இருவருக்கும் தெரியாது.

புதன்கிழமை விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்தபோது நீங்கள் மூவரும் நித்திரை. மண்ணெண்ணெய் கிடைத்த ஓரிரு படகுகளில் வந்த மீன்தான், கொஞ்சம்தான், தட்டில் கிடந்தது. மூடியிருந்த வலையை விலக்கி, ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டேன். பாதியிலேயே உப்பு விரலிடுக்கில் எரியத் தொடங்கியது. கடைசி மீனையும் புரட்டிவிட்டு, உம்மா எழும்புவதற்கு முன்னால் வலையை அவர் மூடுவது போலவே மூடி வைத்துவிட்டு வந்தேன்.

போனை நான் எடுத்துப் போகவில்லை.