முதுகுப் பக்கத்துக் குரல்

தனகோட்டி "வா, வா, வரலாம்" என்று குரல் கொடுத்தால் போதும், சாம்பல் ஏற்ற வந்த லாரி எதுவானாலும் அப்படியே பின்னால் வரும். நெய்வேலியில் அனல்மின் நிலையத்துச் சாம்பல் யார்டில் அவளுக்குக் காண்டிராக்ட் வேலை. கையில் சிவப்புக் கொடி, தலையில் ஹெல்மெட், எந்த இரைச்சலையும் கிழித்துக்கொண்டு போகிற தொண்டை. பாஷை தெரியாத வடநாட்டு டிரைவர்கூட அவள் சொன்ன இடத்தில் பிரேக் போடுவான். ஊரான் பிள்ளைகள் அத்தனை பேரும் நம்புகிற குரலைக் கட்டிய புருஷன் நம்பவில்லை. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

நடந்தது அவர்கள் ஊரான வடக்குத்தில், தடிவீரன் திருவிழாவில். தடிவீரன் வேறு யாருமில்லை, அவள் புருஷன் கண்ணையனின் பாட்டன் பூட்டன் வழியில் ஒருவர்தான். கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டார்கள் என்று பண்ணையார் ஆட்கள் தெருவைக் கொளுத்த வந்தார்களாம். சனமெல்லாம் ஏரிக்கரைக்கு ஓட, இவர் ஒற்றைத் தடியோடு எதிர்த்து நின்று, அடி அடியாகப் பின்வாங்கியே கரை வரைக்கும் போய்ச் சேர்ந்தாராம். பெண்சாதி பின்னாலிருந்து மேடு பள்ளம் சொன்னாளாம். அடிபட்டுச் செத்துக் கிடந்தவர் முதுகில் ஒரு கீறல் இல்லையாம்.

அதனால் மாசி மாசத்தில் வீரன் வழி வாரிசு ஒருவன் அந்தத் தடியைப் பிடித்துக்கொண்டு, ஏரிக்கரைக் கோயில் வரைக்கும் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். பெண்சாதி வழி சொல்வாள். பண்ணையார் ஆட்களாக எதிரே வருகிற பங்காளிகள் கம்பை ஓங்குவார்கள், பொய் சொல்லிக் குழப்புவார்கள். திரும்பிப் பார்த்தவன் கையில் தடி தங்காது.

போன வருஷம் கண்ணையன் திரும்பிப் பார்த்தான். தனகோட்டி "வா" என்றாள். பங்காளி சசிகுமார் "பள்ளம்டா!" என்றான். பாவி மனுஷன் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் பங்காளியை நம்பினான். பள்ளமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஊரே கைகொட்டிச் சிரிக்க, தடி சசிகுமார் வீட்டுக்குப் போனது. அன்றைக்கு வாயை மூடியவள்தான். சோறு போடுவாள், பேச்சு மட்டும் கிடையாது.

இந்த வருஷம் ஊர்க்கூட்டம் மனமிரங்கி இன்னொரு வாய்ப்புக் கொடுத்தது. இப்போதும் திரும்பினால் தடி இனி அந்த வீட்டுப் படி ஏறாது. கண்ணையன் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

"வரியா புள்ள?"

ஒரு வருஷத்துக் கோபம் பொங்கி வந்தது அவளுக்கு. "வரேன்யா. வராம எங்க போவேன்? ஆனா இந்தத் தரம் நீ திரும்பினீன்னு வையி, அப்புடியே போய்க்கினே இரு. வூட்டுப் பக்கம் வராத."

தடி போனால் போகிறது. இன்னொரு தரம் இந்த ஆள் தன் வார்த்தையைத் தள்ளிவிட்டால் அப்புறம் என்ன குடித்தனம் என்றிருந்தது அவளுக்கு.

பறை முழங்கியது. கம்புகள் முகத்துக்கு நேரே சுழன்றன. "வா... வா... சோத்துக்கை பக்கம் ஒடிச்சி வா..." கண்ணையன் வந்துகொண்டே இருந்தான். கரைக்குக் கொஞ்சம் முன்னால் வழிக்குக் குறுக்கே ஒரு கால்வாய். காலையில் தூர் வாரியவர்கள் சிமெண்ட் மூடியைத் திரும்பப் போடாமல் போயிருந்தார்கள்.

"டேய், மூடி இல்லடா! நெசமா சொல்றேன், திரும்பிப் பாருடா!" என்று கத்தினான் சசிகுமார்.

கண்ணையனின் கழுத்து லேசாக அசைந்தது.

"நில்லு," என்றாள் தனகோட்டி. நின்றான். "பெரிய எட்டா ஒண்ணு வையி."

வைத்தான். லாரி டயருக்குப் பழகிய கண், மனுஷக் காலுக்கு ஒரு சாண் குறைத்துக் கணக்குப் போட்டுவிட்டது. கால் சறுக்கிக் கால்வாய்க்குள் சரிந்து விழுந்தான். பறை நின்றுபோயிற்று. சசிகுமாரே கம்பைத் தாழ்த்திவிட்டான். ஐயோ, நானே தள்ளிவிட்டேனே என்று பதறினாள் தனகோட்டி. இனி எந்த மடையன் இவள் பேச்சைக் கேட்பான்?

கண்ணையன் தடியை ஊன்றி எழுந்தான். முழங்காலில் ரத்தம் ஒழுகியது. முகம் மட்டும் சசிகுமாரைப் பார்த்தபடியே இருந்தது.

"அடுத்த எட்டு எங்க வைக்கணும்? சொல்லு புள்ள," என்றான்.