சுவரைப் பார்த்த படங்கள்

தொண்ணூறுகளின் நடுவில், ஜெர்மனியின் ஹம் நகரில் ஓர் ஓவியரின் வீட்டில் எனக்கு வேலை கிடைத்தது. கிழமையில் சில காலைகள் போய்க் கூட்டித் துடைக்க வேண்டும், உடுப்புத் தோய்க்க வேண்டும், மத்தியானத்துக்கு உருளைக்கிழங்கு அவிக்க வேண்டும். வீட்டில் வயதான அவரும் மனைவியும் மட்டுமே. ஆற்றங்கரைப் புல்வெளி, நெடிய மரங்கள், மாடுகள், பனி மூடிய வயல் ஆகியவற்றைத் தவிர அவர் வேறெதையும் வரைந்தவரல்ல. பல் வைத்தியரிடம் போனாலும் சுவரில் அவருடைய ஆறு, வங்கிக்குப் போனாலும் அவருடைய மாடுகள். ஊர் எல்லையைத் தாண்டினால் அவரை ஒருவருக்கும் தெரியாது. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதும் இல்லை.

முதல் நாள் உள்ளே காலை வைத்ததுமே எனக்குத் திக்கென்றது. கூடத்தில் சாத்தி வைத்திருந்த படங்கள் எல்லாம் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தன. செத்தவீடென்றால் எங்கள் வீடுகளில் சாமிப் படங்களை இப்படித்தான் திருப்பி வைப்போம். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள், பாவம், என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வாளியைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். செத்தவீட்டில் விடைபெறும்போது போட்டு வாறன் என்று சொல்லக் கூடாதல்லவா? வேலை முடிந்ததும் சப்பாத்தை மாட்டிக்கொண்டு வாய் திறக்காமல் வெளியேறிவிட்டேன்.

அடுத்த முறை மனைவி என்னை வாசலிலேயே மறித்தார்.

“எங்களில என்ன கோபம்? ஒரு சொல்லும் சொல்லாமல் போட்டீங்கள்.”

என் அரைகுறை ஜெர்மனில் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. உள்ளே இருந்த ஓவியருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வரைந்து முடித்த படத்தைத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு பருவம் போகும்வரை அதைப் பார்ப்பதில்லை என்பது அவர் வழக்கமாம். “மறந்துபோய்ப் பாத்தால்தான் பிழை தெரியும்,” என்றார். அன்றிலிருந்து நான் புறப்படும்போது அதைத் தமிழிலேயே சொல்ல வேண்டும் என்று அடம்பிடித்தார். நான் “போட்டு வாறன்” என்பேன். அவர் நாக்கை வளைத்து, “ஓம், வாங்கோ” என்பார். பிறகு மனைவியைப் பார்த்து, “இண்டைக்கும் நான் சாகேல்லை,” என்று கண்ணடிப்பார்.

போகப் போக அவருடைய படங்களில் பனி நீலமாகிக்கொண்டு வந்தது. வெள்ளை வேட்டிக்கு யாரோ அளவு தெரியாமல் நீலம் போட்ட மாதிரி. நான் ஒருநாள் சமையலறையில், “வெளியில பனி அப்பிடி இல்லையே,” என்று மனைவியிடம் கேட்டேன். அவர் உதட்டில் விரலை வைத்தார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் வந்து, முதுமையில் ஒரு புதுப் பாணி பிறந்திருப்பதாகப் புகழ்ந்து எழுதினார். மனுசன் அதற்குப் பிறகு வீட்டுக்குள் சீட்டியடித்துக்கொண்டு திரிந்தார். நகரசபை மண்டபத்தில் அந்தப் பனிப் படங்களை மட்டும் வைத்துக் கண்காட்சி நடத்துவதென்று முடிவானது. வாழ்நாளில் அவருக்குக் கிடைத்த முதல் பெரிய கண்காட்சி. சட்டமெல்லாம் போட்டுக் கூடத்தில் அடுக்கிவிட்டார்கள்.

கண்காட்சிக்குச் சற்று முன்னர் அவருக்குக் கண்புரை வெட்டினார்கள்.

கட்டவிழ்த்த பிறகு நான் வேலைக்குப் போன முதல் காலை அது. அவர் சமையலறையில் பாற்கோப்பையைக் கையில் வைத்துச் சின்னப்பிள்ளை போல, “பால் இவ்வளவு வெள்ளையோ! எனக்கு எல்லாம் மஞ்சளாயெல்லோ தெரிஞ்சது!” என்று வியந்துகொண்டிருந்தார். எனக்கும் சந்தோசமாக இருந்தது. அந்தச் சந்தோசத்தோடேயே கூடத்துக்குப் போய் முதல் படத்தைத் திருப்பினார். பிறகு அடுத்ததை. இரண்டிலும் பனி கடும் நீலமாக இருந்தது.

மனைவியைக் கூப்பிட்டார். அவர் குரல் உயரவில்லை.

“உமக்கு இது தெரியுமோ?”

“தெரியும்.”

“கனகாலமாயோ?”

மனைவி ஏப்ரனின் நுனியை முறுக்கினார். “நீங்கள் சந்தோசமாய் இருந்தீங்கள்.”

“பிழையைப் பாக்கத்தானே நான் படத்தைத் திருப்பி வைக்கிறனான்,” என்றார் அவர். “எனக்குப் பாக்க ஏலாமல் போனால் உம்மட கண் இருக்குதெண்டு நம்பியிருந்தன்.”

நான் பாதி சீவிய உருளைக்கிழங்கோடு கதவருகே நின்றேன். அந்த மனுசியில் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதே மனுசியின் முகத்தைப் பார்த்ததும் அழுகையும் வந்தது. ஓவியர் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்து, கண்காட்சி வேண்டாம் என்று இரண்டே வசனத்தில் சொல்லிவிட்டு வைத்தார். பின்னர் எல்லாப் படங்களையும் சுவர்ப் பக்கம் திருப்பினார். நீலமில்லாத பழைய படங்களையும், சோபாவுக்கு மேலே தொங்கிய, கலியாணம் செய்த வருடத்தில் வரைந்த ஆற்றுப் படத்தையும் அவர் விடவில்லை.

மத்தியானம் அவித்த கிழங்கை யாரும் தொடவில்லை. புறப்படும்போது கூடத்து வாசலில் நின்றேன். அவர் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார். நான் வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினார்.

“இண்டைக்கு அதைச் சொல்லாதேங்கோ. முதல் நாள் போன மாதிரிப் போங்கோ.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உயிரோடு இருக்கிற மனுசன் பேசுகிற பேச்சா இது?

“போட்டு வாறன்,” என்றேன், வழக்கத்தைவிடச் சத்தமாக.

அவர் திரும்பவில்லை. எனக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி நின்ற மனைவி, அதுவரை ஒரு தமிழ்ச் சொல்லும் சொல்லியிராதவர், மெல்லச் சொன்னார்:

“ஓம், வாங்கோ.”