தடம் பிடித்து ஓடிய கார்

“…அதுக்கு நானே அந்தப் புள்ளைய முதுகுல தூக்கிட்டு நடந்துருவேன் தம்பி. உங்க காடிக்கு மாட்டு வண்டித் தடத்தைக் கண்டாப் போதும், பந்தி போட்ட எடத்தப் பார்த்தவன் மாதிரில்ல பாய்ஞ்சு ஓடுது!”

என் காரைத்தான் ‘காடி’ என்றார். இதைச் சொன்னவர் எங்கள் பக்கத்து மருத்துவச்சி. நான்கு தோட்டங்களுக்கு அவர் ஒருவர்தான். மலாயாவில் கோத்தா திங்கி சாலையில் வாடகைக் கார் ஓட்டிக்கொண்டிருந்த நான், வாரத்தில் மூன்று நாள் அவரைத் தோட்டம் தோட்டமாகக் கொண்டுபோய் விடுவேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அக்கா. அவர் பேச்சைக் கேட்பதற்காகவே பிரசவ வீட்டில் பெண்கள் கூடுவார்கள். நானும் அவர் சொன்னவற்றில் எத்தனையோ வரிகளைத் நாள்காட்டியில் தேதி கிழித்த தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.

அவர் ‘அந்தப் புள்ள’ என்றது மூன்றாவது தோட்டத்தில் ரப்பர் பால் மரம் வெட்டும் ஒரு பெண்ணை. முதல் குழந்தை தங்கவில்லை. இரண்டாவது குழந்தை வயிற்றில் குறுக்கே கிடந்தது. வலி எடுப்பதற்கு முன்பே ஜொகூர் பாருவில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும் என்று அக்கா முடிவு செய்து, புதன்கிழமை என்று நாளும் குறித்திருந்தார். தோட்டத்துத் துரை விடுப்பில் போயிருந்ததால் அவர் கார் கொட்டகையில் பூட்டிக் கிடந்தது. மீதி இருந்தது என் கார். அதை விட்டால் அன்னாசி ஏற்றும் மாட்டு வண்டி.

என் கார் அப்போது என் பேச்சைக் கேட்பதில்லை. நல்ல சாலையிலேயே இடமும் வலமும் அலையும். செம்மண் சாலைக்கு வந்தால் சொல்லவே வேண்டாம். அன்னாசிக் காலத்தில் இரும்புப் பட்டை போட்ட வண்டிச் சக்கரங்கள் அந்தச் சாலையை முழங்கை ஆழத்துக்கு அறுத்து வைத்திருந்தன. முன் சக்கரம் தடத்தில் இறங்கினால் பிறகு ஓட்டுபவன் நான் இல்லை, மாடுதான். ஒரு நாள் தடம் இழுத்த இழுப்பில் அன்னாசிக் கொட்டகை வாசலில் போய் நின்றேன். காவல்காரர் எழுந்து வந்து, “எத்தன கூடைண்ணே?” என்று கேட்டார்.

நான் சாலையைக் குறை சொன்னேன். டயரில் காற்றை ஏற்றினேன், இறக்கினேன். பட்டணத்தில் பட்டறை வைத்திருந்த சீனர் ஸ்டீரிங் மூட்டுகளை மாற்றிப் போட்டார். எதற்கும் கேட்கவில்லை.

“எப்போலேருந்து இப்படி?” என்றார் அக்கா.

“மழை பிடிச்சதுலேருந்துக்கா.”

“மழைக்கு முன்னாடி ஒழுங்கா ஓடுச்சா?”

நான் ரேடியேட்டரைப் பார்த்தேன்.

“நாள மாத்திச் சொல்ற பொம்பளைங்க மூஞ்சியும் இப்படித்தான் இருக்கும். உள்ளதைச் சொன்னாத்தான் நான் வயித்துல கை வைப்பேன். சொல்லுங்க.”

“ஆயுத பூஜையிலேருந்து,” என்றேன்.

கார் கெட்டது அன்றிலிருந்துதான் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்த வருஷம் பூஜைக்கு வண்டியைக் கழுவிப் பூ போட்டால் போதாது என்று எனக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. முன் அச்சையே இறக்கினேன். கழற்றியதை எல்லாம் மண்ணெண்ணெயில் கழுவி, வாழையிலையில் வரிசையாகப் பரப்பி, ஒவ்வொன்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். பார்த்தவர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள். மறுநாள் யார் உதவியும் இல்லாமல் நானே பூட்டினேன். அந்தப் பெருமையில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

“அப்ப நோவு தெரிஞ்சு போச்சு. போய் அந்தச் சீனர்கிட்ட இதைச் சொல்லுங்க. வெக்கப்பட்டா புள்ள பொறக்காது,” என்று அக்கா போய்விட்டார்.

மறுநாளே போய்ச் சொன்னேன். சீனர் சாக்கை விரித்துக் காருக்கு அடியில் படுத்தார். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து சிரிப்பு வந்தது. என்னையும் குனியச் சொன்னார். அச்சுக்கும் மேலே உள்ள ஸ்பிரிங் பட்டைக்கும் நடுவே, பக்கத்துக்கு ஒன்றாக, ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் துண்டு இருக்கும். ஒரு முனை தடிப்பு, மறு முனை மெல்லிசு. மெல்லிய முனையில் பொட்டு வைக்க இடம் இல்லாததால் தடித்த முனையில் வைத்திருந்தேன். கிரீஸுக்கு அடியில் குங்குமம் இன்னும் சிவப்பாகத் தெரிந்தது, இரண்டிலும், முன்பக்கம் பார்த்து.

“தடிச்சது பின்னால வரணும். ஏன் முன்னால வச்சே?” என்று மலாயில் கேட்டார்.

“சாமி முன்னாலதானே பார்க்கும்,” என்றேன். பூட்டும்போது பொட்டு வைத்த முகத்தைப் பின்னால் திருப்ப என் கை போகவில்லை, அவ்வளவுதான்.

அவர் எழுந்து தம் சைக்கிளை எடுத்தார். சீட்டை மட்டும் பிடித்து முன்னே தள்ளினார். முன் சக்கரம் நேராகப் போயிற்று. அதே மாதிரி சீட்டைப் பிடித்துப் பின்னே இழுத்தார். கைப்பிடி படக்கென்று மடங்கி என் முட்டியில் இடித்தது.

“உன் காடி இப்ப இப்படித்தான் போகுது. தெர்பாலிக்! தலைகீழ்!”

அச்சு பின்னால் சாய்ந்திருந்தால் சக்கரம் தானாக நேர் பிடிக்குமாம். நான் முன்னால் சாய்த்து வைத்திருந்தேன். அதனால்தான் எந்தப் பள்ளம் கூப்பிட்டாலும் போயிருக்கிறது. இரண்டையும் திருப்பிப் போட்டார். பொட்டைத் துடைக்கவில்லை. “உன் சாமி பின்னாலயும் கொஞ்சம் பார்க்கட்டும்,” என்றார்.

புதன்கிழமை காலை அந்தப் பெண் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு முன் காரை நிறுத்தினேன். அந்தப் பெண்ணின் புருஷன் துணி மூட்டையோடு தயாராக நின்றார். அக்கா அவரை இருக்கச் சொல்லிவிட்டுத் தனியாக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“மொதல்ல என்னைய ஒரு சுத்து கூட்டிட்டுப் போங்க.”

தடம் ஆழமாக இருக்கும் வளைவுக்கு முந்தின நேர் சாலைக்கு வந்ததும், “கைய எடுங்க,” என்றார்.

“அக்கா!”

“எடுங்கன்னா எடுங்க.”

விரல்களைப் பிரித்தேன். முன் சக்கரம் தடத்து விளிம்பில் இறங்கியது, ஒரு தரம் குலுங்கியது, தானே ஏறி நேராக ஓடியது. நான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவர் சாலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“திருப்புங்க,” என்றார்.

லயத்து வாசலில் இறங்கி உள்ளே போனார். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து மெதுவாக நடத்திக் கூட்டி வந்தார். பின் சீட்டில் பாயை நான்காக மடித்துப் போட்டு அவளை ஒருக்களித்துச் சாய வைத்தார். பிறகு தானும் ஏறி, அவள் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தினார்.