ஈசான மூலைக் கிணறு

வாஸ்து பற்றி யாராவது பக்தியோடு பேசத் தொடங்கினால் இன்றும் எனக்குக் குமட்டும். காரணம் தத்துவம் அல்ல. ஒரு கிணற்றின் நாற்றம்.

அப்போது வெள்ளைக்காரன் ஆட்சி. கொழும்பில் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் கந்தோரில் நான் எழுதுவினைஞன். வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையின் வடக்கு வரிசையில் என் அக்காவின் புருஷன் வீடு கட்டினார். கொட்டாஞ்சேனையிலிருந்து மனையடி சாத்திரியார் வந்தார். அத்தானின் பாதத்தை நூலால் அளந்து, அந்த அளவில் வீட்டை வகுத்தார். வடகிழக்கு, ஈசான மூலையில் கிணறு. வடமேற்கு, வாயு மூலையில் குழிக் கக்கூசு. இரண்டுக்கும் நடுவே சட்டம் கேட்ட தூரம் இருந்தது. வரைபடம் என் மேசைக்கு வந்தது, சுருக்கொப்பம் வைத்தேன்.

முதல் மாரிக்குப் பிறகு தண்ணீரில் ஆடை படர்ந்தது. கொழகொழவென்று, நாறிக்கொண்டு. அக்காவின் மகளுக்கு நெருப்புக் காய்ச்சல், அதாவது டைபாய்டு. டொக்டர் கிணற்றைத்தான் சந்தேகித்தார். நான் மதிலில் ஏறிப் பார்த்தேன். கிழக்கு வீட்டுக் கக்கூசு எங்கள் கிணற்றோடு முதுகை உரசிக்கொண்டு நின்றது.

அந்த வீட்டுக்காரர் பல் விளக்கியபடி வந்தார்.

"என்ன தம்பி, மதிலுக்கு மேலால?"

"உங்கட கக்கூசு ஏன் அண்ணை இந்த மதில் கரையில?"

"வாயு மூலை எல்லே! சாத்திரியார் சொன்னவர். உங்களுக்கும் அவர்தானே?"

அவரேதான். ஒருவரின் வாயு மூலையும் அடுத்தவரின் ஈசான மூலையும் ஒரே மதிலின் இரண்டு பக்கங்கள். இந்தச் சாத்திரம் பிறந்த காலத்தில் ஒரு மனைக்கும் மறு மனைக்கும் நடுவே மாடு மேய்ந்திருக்கும். வெள்ளவத்தையில் நடுவே இருந்தது ஒரு செங்கல் கனம். கீழே எதையும் வடியவிடும் கடல் மணல்.

சாத்திரியாரை அழைத்தோம்.

"கக்கூசு எங்க இருக்க வேணுமெண்டு ஏட்டில காட்டுங்கோ பாப்பம்," என்றேன்.

"ஏட்டில இல்லைத்தான். அந்த நாளையில ஆர் வளவுக்குள்ள போனவை? பத்தைக் காட்டுக்கெல்லே போனவை. அது நாங்கள் சேர்த்தது. தண்ணியில ஒரு தோஷமும் இல்லை. வெள்ளிக்கிழமையில மஞ்சள் கரைச்சு ஊத்துங்கோ."

அக்கா அதே தண்ணீரை ஒரு செம்பில் நீட்டினாள். "இண்டைக்கு விரதம் பிள்ளை," என்று சாத்திரியார் கையை இழுத்துக்கொண்டார்.

"மூடுவம் அத்தான்," என்றேன்.

"ஈசானத்தை மூடினா குடும்பம் விளங்காது. நீ உன்ர கந்தோரோட நில்."

உள்ளே பிள்ளை பிதற்றிக்கொண்டிருந்தாள்.

கந்தோரோடுதான் நின்றேன். ஒரு முறைப்பாடு, சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, இரண்டு வீட்டு வரைபடங்களும் ஒரே கோவையில் தைத்து மேலிடத்துக்குப் போனால், கிணற்றை மூட அத்தானின் சம்மதம் தேவையில்லை. கிழக்கு வீட்டு வரைபடத்தைத் தேடி எடுத்தேன். மூலையில் என் சுருக்கொப்பம். வரைபடத்தில் அவரவர் காணி மட்டும்தான் இருக்கும். மதிலுக்கு அப்பால் வெறும் தாள். அங்கே என்ன இருக்கிறது என்று கேட்க விதி இல்லை. விதி இல்லாததை நான் கேட்பவனும் அல்ல. சாத்திரியாருக்கு ஏடு, எனக்குக் கோவை. அவரைப் பார்த்து வந்த அருவருப்பு என் பக்கமும் திரும்பியது.

முறைப்பாட்டை என் பெயரிலேயே எழுதினேன். கந்தோர்த் துரை விளக்கம் கேட்பார் என்று தெரியும், கேட்டார். பரிசோதகர் ஆட்களோடு வந்து சுண்ணாம்பு கொட்டிக் கிணற்றை மூடுவித்தார். அத்தான் அன்றோடு என்னுடன் கதைப்பதை விட்டார். பிள்ளை தலைமயிர் கொட்டி, எலும்பாக, ஆனால் உயிரோடு எழும்பினாள்.

மூடிய அன்று இன்னொன்று உறைத்தது. எங்கள் வாயு மூலைக்கு மேற்கே யாருடைய ஈசானம்? பரிசோதகரையும் ஆட்களையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். ஒரு பெண் தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். கிணற்றுக்கு அந்தப் பக்கம் எங்கள் கக்கூசுச் சுவர், அடியில் ஈரம் கசிந்து கறுத்திருந்தது.

"நல்ல தண்ணி ஐயா, ஈசான மூலை. குடிச்சுப் பாருங்கோ," என்று செம்பை நீட்டினாள்.

விரதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செம்பை வாங்கி மண்ணில் ஊற்றிவிட்டு, சுண்ணாம்புச் சாக்கைத் தூக்கி வரச் சொன்னேன்.