கேட் மூடுவதற்கு முன் சொன்ன நம்பர்

உத்திரமேரூருக்கு ரயில் கிடையாது. ரயில் வராத ஊரில் பிறந்த நான்தான் காஞ்சிபுரம் பக்கத்து ஒற்றைத் தண்டவாளத்தில் கேட் கீப்பராக இருந்தேன். அந்த வேலையில் இரண்டு நாளை மட்டும் மறக்கவே முடியாது.

முதலில் எங்கள் கள்ளத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் மாஸ்டர் போன் செய்ததும் கேட்டை மூடிப் பூட்டிவிட்டு, எங்களுக்குக் கொடுத்திருக்கும் ரகசிய நம்பர் தாளில் இருக்கும் அடுத்த நம்பரைச் சொல்ல வேண்டும். கேட் மூடியாயிற்று என்பதற்கு அந்த நம்பர்தான் சத்தியம்; அதை நம்பித்தான் அவர் ரயிலுக்கு சிக்னல் கொடுப்பார். ஆனால் அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையத்துக்குப் போகும் நெல் டிராக்டர்கள் வரிசைகட்டி நிற்கும். மூடினால் வாங்குகிற ஏச்சு கொஞ்சநஞ்சமில்லை. அதனால் நம்பரை முதலில் சொல்லிவிட்டு, நாலு வண்டியை விட்டு, அப்புறம் மூடுவோம். பக்கத்து கேட்டுகளிலும் இதேதான். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலை.

அன்று மத்தியானமும் நம்பர் சொல்லிவிட்டு, நானே கை காட்டி ஒரு டிராக்டரை விட்டேன். டிரெய்லர் சக்கரம் தண்டவாளத்தில் சிக்கிக்கொண்டது. சிவப்புக் கொடியோடு ரயிலை நோக்கி ஓடினேன் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம்! ரயில் கிறீச்சிட்டுக்கொண்டே வந்து, டிரெய்லரை ஒரு முட்டு முட்டி நின்றது. நெல் மூட்டைகள் சிதறின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. சந்தோஷத்தில் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அரை மணியில் போலீஸ் வந்தது. "யார் மேல தப்பு?" என்பதுதான் முதல் கேள்வி.

"நான் மூடிக்கினு இருக்க சொல்ல அவன்தான் பூந்துட்டான் சார்" என்றேன். பயம்தான், வேறென்ன. டிராக்டர் ஓட்டியவன் ஊரோரக் குடியிருப்பைச் சேர்ந்த கூலிக்காரன். அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

மறுநாள் காலை, விபத்துக்குக் காரணம் தேடும் ரயில்வே அதிகாரி வந்தார். கூட இருந்த போலீஸ்காரரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். "யார் மேல தப்புன்னு கேக்க வரலம்மா. இது எப்படி நடந்துச்சு, இனிமே நடக்காம இருக்க என்ன பண்ணணும், அதை மட்டும் சொல்லுங்க. நீங்க சொல்றது கேஸுக்குப் போகாது."

எல்லாவற்றையும் கொட்டினேன். மனுஷன் திட்டவே இல்லை! "அப்ப கேட் பூட்டினாத்தான் சிக்னலே விழணும்" என்று தாளில் படம் போட ஆரம்பித்துவிட்டார். நானும் குனிந்து, எந்த இடத்தில் பூட்டு வர வேண்டும் என்று விரல் வைத்துக் காட்டினேன். என் தப்பிலிருந்தே ஒரு பூட்டு பிறக்கிறது என்ற குஷியில் டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

கிளம்பும்போது கேட்டேன். "அப்ப அந்த ஆள உட்டுடுவாங்க இல்ல சார்?"

"இங்க சொன்னது அங்க போகாதுன்னு சொன்னேனேம்மா."

அவர் செய்தது சரிதான். கேஸ் பயம் இருந்திருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். ஆனால் அவர் சாத்திய கதவு என்னைத்தான் காப்பாற்றியது, அவனை இல்லை. போலீஸில் போய்ச் சொல்ல என்னை விட்டால் ஆள் கிடையாது.

பஸ் பிடித்துப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். "கேட் தொறந்துதான் இருந்துச்சு. நான்தான் கை காட்டினேன். எழுதிக்கங்க சார்!" படபடப்பில் கத்திவிட்டேன் போலிருக்கிறது. மூலையில் உட்கார்ந்திருந்த டிராக்டர்காரன் நிமிர்ந்தான்.

"இன்னாக்கா, உன் வேலை பூடுமே" என்றான்.

வேலை போய்விட்டது; அவனை விட்டுவிட்டார்கள். இப்போது அந்த கேட்டைப் பூட்டினால்தான் சிக்னல் விழுகிறது. பஸ்ஸில் போகும்போது கேட் மூடியிருந்தால், ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி அந்தப் பூட்டைப் பார்ப்பேன்.