நாலு போல்ட்டு

வண்டியிலிருந்து சரக்கு இறங்குவதற்குள் அவர் குப்பைப் பக்கம் போய்விடுவார். பிஸ்கட் கம்பெனியின் பின்வாசலில் கிடக்கும் அட்டைக் கிழிசல்களைக் காலால் புரட்டி, எதில் எந்தக் கம்பெனி பெயர் இருக்கிறது என்று பார்ப்பார். எங்கள் அட்டைப்பெட்டிக் கம்பெனியின் வேன் டிரைவர். எல்லோருக்கும் ‘ரேடியோ அண்ணன்’. சரக்குச் சீட்டு எழுதுகிற நான் வாரம் இரண்டு முறை அவரோடு போவேன். காது வலிக்காமல் திரும்பியதில்லை.

எந்த கேட்டில் எத்தனை லாரி நிற்கிறது, எந்த கேன்டீனில் கூட்டம் குறைந்திருக்கிறது, எல்லாம் அத்துப்படி. பிஸ்கட் கம்பெனி வாட்ச்மேனின் மருமகள் முழுகாமல் இருப்பது வரை விசாரிப்பார். "சும்மா கேட்டா எவன் சொல்லுவான்? நாம நாலு சொன்னாத்தான் அவன் ரெண்டு சொல்லுவான்."

போன மாதம் பிஸ்கட் கம்பெனியின் ஆர்டர் இரட்டிப்பானது. எங்கள் மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. ரேடியோ அண்ணன் முகத்தில் மட்டும் ஈயாடவில்லை. அங்கே புது ஷெட்டில், ஈரம் காயாத சிமென்ட் தரையில், நாலு தடித்த போல்ட்டுகளை நட்டிருந்தார்கள். காலடி வைத்து இடைவெளியை அளந்தார். வந்து எங்கள் பெட்டி மெஷினையும் அளந்தார். அச்சு அசல் அதே அளவு! நேரே மேனேஜரிடம் போனார்.

"சார், அவங்களே பெட்டி போடப் போறாங்க. மெஷின் ஓட ஆரம்பிக்கிற வரைக்கும் தாங்கணும்னுதான் இப்ப வாங்கிக் குவிக்கிறாங்க."

"ஆர்டர் ஏறினா சந்தோஷப்படுய்யா. நீ ஸ்டியரிங்கைப் பாரு, போதும்."

எங்கள் சரக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. எங்கள் ஒட்டும் பிரிவில் அவருடைய தங்கை இருக்கிறாள். புருஷன் போன பிறகு இரண்டு பிள்ளைகளையும் இந்த வேலையை நம்பித்தான் படிக்க வைக்கிறாள்.

நேற்று அந்த வாட்ச்மேன் அவரிடம் ஒரு நோட்டீஸை நீட்டினார். அவர்கள் கம்பெனிக்குப் பெட்டி ஒட்டத் தெரிந்த பெண்கள் இருபது பேர் தேவையாம். "முதல்ல வர்றவங்களுக்குத்தாண்ணே." திரும்பும் வழி முழுக்க அண்ணன் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. நேரே போய் நோட்டீஸை மேனேஜர் மேசையில் வைத்தார். போனில் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மேனேஜர், பார்க்காமலேயே அதன் மேல் டீ கிளாஸை வைத்தார்.

அண்ணன் கிளாஸைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, நோட்டீஸை எடுத்துக்கொண்டு ஒட்டும் பிரிவுக்கு நடந்தார். தங்கையின் கையிலிருந்த பசை பிரஷை வாங்கிக் கீழே வைத்தார். அவள் உள்ளங்கையில் நோட்டீஸை வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார்.