என் முழங்கால் செலவு: வேளச்சேரி முதல் ராயப்பேட்டை வரை

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் தினம் பத்து மணி நேரம் நிற்கிறேன். வயது நாற்பத்தாறு, எடை 121 கிலோ. எடையைப் பார்த்துக் காப்பீட்டுக்குக் கூடுதல் பிரீமியம் கேட்டார்கள், எடுக்கவில்லை. நான்கு வருடமாக வலது முழங்காலுக்கு அடையாறில் தனியார் டாக்டர். ஒவ்வொரு முறையும் ஃபீஸ் 700, மாத்திரை 1,800. போன மாதம் கையிருப்பு தீர்ந்தது. அதனால் சென்ற செவ்வாய், ராயப்பேட்டை அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினேன். மனைவி செல்வி பிடிவாதமாகக் கூட வந்தாள்.

காலை 6.20க்கு வேளச்சேரியில் பறக்கும் ரயில். மயிலாப்பூருக்கு ஆளுக்கு ஐந்து ரூபாய். ரயில் சுகம்தான், படிக்கட்டு இறங்கத்தான் பன்னிரண்டு நிமிடம்.

வெளியே ஆட்டோ. இரண்டரை கிலோமீட்டர் தூரம். டிரைவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நூத்தம்பது குடு நைனா. வண்டி இழுக்கணும்ல."

"எடைக்குக் காசுன்னா மீட்டர் எதுக்கு? தராசு மாட்டிக்கோங்க," என்றாள் செல்வி.

"கோச்சிக்காதம்மா. நூறு குடு, ஏறு."

நூறைக் கொடுத்து மருத்துவமனை வாசலில் இறங்கினோம்.

ஏழரைக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றே காலுக்கு எலும்புப் பிரிவு டாக்டரைப் பார்த்தோம். பழைய காகிதங்களைக் கேட்டார். பையோடு கொடுத்தேன்.

"மூட்டு மாத்த மூணு லட்சத்து நாப்பதாயிரம்னு எழுதியிருக்காங்க. ஒரு வருஷம் ஆச்சே?"

செல்வி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இத எப்ப சொல்றதா இருந்தீங்க?"

சொன்னால் வளையலைக் கழற்றியிருப்பாள். அதனால்தான் சொல்லவில்லை.

"இப்ப ஆபரேஷன் வேணாம்," என்றார் டாக்டர். "பதினஞ்சு கிலோ குறைங்க. வாரா வாரம் செவ்வாக்கிழம பயிற்சிக்கு வாங்க."

மாத்திரை இலவசம். ஆனால் ஒரு செவ்வாய்க்கு என் கூலி 750 போகும். வராந்தாவில் நின்றே முதலாளிக்கு போன் செய்தேன். திருநெல்வேலிக்காரர்.

"என்னடே, வாரத்துக்கு ஒரு நாளா? சம்பளத்துல புடிப்பேன் பாத்துக்கோ." சற்று நிறுத்தி, "மத்தியானம் வந்துட்டன்னா அரை நாளுக்குத்தான்."

அதுவே பெரிய விஷயம்.

போகிறவர்களுக்கு: சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள். சிகிச்சை இலவசம் என்றாலும் அன்றைய கூலியை முன்பே கழித்துவிடுங்கள். வீட்டில் ஒருவரைக் கூட்டிப் போங்கள். நான் நான்கு வருடம் தனியாகப் போய், டாக்டர் சொன்னதில் பாதியைத்தான் வீட்டில் சொன்னேன். அன்று திரும்பும்போது செல்வி பையை என்னிடம் தரவில்லை. வேளச்சேரி வரும்வரை ஒவ்வொரு காகிதமாக எடுத்துப் படித்துக்கொண்டே வந்தாள்.